சட்டாம்பிள்ளைகள் கட்டிய பள்ளி

எழும்பூர் உறைவிடப் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும், அவர்கள் பெரம்பூருக்கு விட்டுச் சென்றவையும்

பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என்று பணிமனைகளின் பெயரையே தாங்கி நிற்கும் புறநகர் ரயில் நிலையங்கள், சங்கொலிக்கு நேரம் பார்த்துப் பழகிய தெருக்கள், கடற்படை முகாமை நினைவூட்டும் வரிசையில் நிற்கும் பழைய ரயில்வே குடியிருப்புகள், ஞாயிறுதோறும் ஆங்கிலத்திலும் தமிழிலும் திருப்பலி நடந்து வந்த லூர்து மாதா ஆலயம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, இந்த ஊர் 1856-இல் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி இங்கே பணிமனை அமைத்த நாளில் பிறந்தது என்றே தோன்றும். இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டதும் அதே ஆண்டின் ஜூலை முதல் நாளில்தான். ஆனால் அந்தப் பணிமனைகளில் மேற்பார்வையாளராகவும், இன்ஜின் ஓட்டுநராகவும், கார்டாகவும், தந்தி எழுத்தராகவும் அமர்ந்த ஆங்கிலோ இந்தியர்கள், அதாவது தந்தை வழியில் ஐரோப்பிய மூதாதையரைக் கொண்டு இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், எங்கே படித்தார்கள் என்று தேடினால் கதை ரயிலுக்கும் முந்தைய காலத்துக்கு, எழும்பூரில் 1789-இல் தொடங்கிய ஓர் உறைவிடப் பள்ளிக்குப் போய்ச் சேர்கிறது.

புகழ்பெற்ற பழைய மாணவர்களின் பெயர்களைப் பலகையில் பொன்னெழுத்தில் எழுதி மாட்டுவது ஆங்கில உறைவிடப் பள்ளிகளின் வழக்கம். எழும்பூர்ப் பள்ளிக்கு அப்படியொரு பலகை எழுதப்பட்டிருந்தால் அதன் உச்சியில் தலைமையாசிரியரின் பெயர்தான் இருந்திருக்கும். அவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். அவருக்கு அந்தப் புகழைத் தேடித்தந்த வேலையைச் செய்தவர்களோ எட்டு வயதும் பதினான்கு வயதுமான சிறுவர்கள்; அந்த வேலையைச் செய்யும் முறையோ பெயர் தெரியாத ஒரு தமிழ்த் திண்ணைப் பள்ளியிலிருந்து வந்தது. இந்த வரிசையைத் தலைகீழாக வாசித்தால்தான் பள்ளியின் உண்மையான கணக்கு விளங்கும்.

படைவீரர்களின் பிள்ளைகள்

கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணிபுரிந்த ஐரோப்பியச் சிப்பாய்கள் போரிலும் காய்ச்சலிலும் இறந்தபோது, பெரும்பாலும் இந்தியத் தாய்மார்களுக்குப் பிறந்த அவர்களுடைய பிள்ளைகள் கோட்டையைச் சுற்றி ஆதரவின்றி நின்றனர். ஆளுநர் ஆர்ச்சிபால்ட் கேம்பெல்லின் மனைவி எடுத்த முயற்சியால் 1787-இல் பெண் குழந்தைகளுக்கான இல்லம் தோன்றியது. அதைப் பின்பற்றி 1789-இல் ஆண் பிள்ளைகளுக்கான ‘மிலிட்டரி மேல் ஆர்ஃபன் அசைலம்’ எழும்பூரில் திறக்கப்பட்டது. அசைலம் என்ற சொல் இன்று மனநோய் மருத்துவமனையை நினைவூட்டினாலும், அக்காலத்தில் புகலிடம் என்ற பொருளிலேயே வழங்கியது. உணவும் உடையும் உறைவிடமும் கல்வியும் ஒரே கூரையின் கீழ் தரப்பட்ட பள்ளி அது.

அதன் மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்து, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சில ஆண்டுகள் வீட்டு ஆசிரியராக இருந்துவிட்டு, 1787-இல் சென்னையில் வந்திறங்கிய மதகுரு. பள்ளிக்கென்று அவர் சம்பளம் பெற்றுக்கொள்ளவில்லை என்பதை அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பெருமையோடு குறிப்பிடுவர். படைப்பிரிவுகள் பலவற்றுக்கு ஒரே நேரத்தில் மதகுருவாக இருந்து ஊதியம் பெற்ற அவர், ஒன்பதே ஆண்டுகளில் சுமார் 25,000 பவுண்டு சொத்துடன் நாடு திரும்பினார் என்பதையும் உடன் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

மணலில் எழுதிய பாடம்

பெல்லுக்குக் கிடைத்த உதவி ஆசிரியர்கள் சோர்வுற்றவர்களாகவும், புதிய முறை எதற்கும் இணங்காதவர்களாகவும் இருந்தனர். ஒருநாள் காலையில் குதிரையேறிச் சென்ற வழியில், ஐரோப்பியர் அக்காலத்தில் ‘மலபார் பள்ளி’ என்று குறித்த தமிழ்த் திண்ணைப் பள்ளி ஒன்றில், பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தாளும் மையும் வீணாகாத, தவறினால் கையால் அழித்துவிட்டு மீண்டும் எழுதக்கூடிய அந்த வழியை எழும்பூரில் கொண்டுவர முயன்றபோது, அரிச்சுவடி வகுப்பின் ஆசிரியர் அது நடவாத காரியம் என்று கைவிரித்தார். பெல் அந்த வகுப்பை ஒரு சாதாரணச் சிப்பாயின் மகனான, எட்டு வயது ஜானி ஃப்ரிஸ்கனிடம் ஒப்படைத்தார். ஆசிரியரால் முடியாததைச் சிறுவன் முடித்துக் காட்டினான். அதன்பின் வகுப்பு வகுப்பாகப் பெரியவர்களின் இடத்துக்குப் பிள்ளைகளே வந்தனர். சுமார் இருநூறு மாணவர்கள் கொண்ட பள்ளியை ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான மாணவ ஆசிரியர்களே நடத்தும் நிலை உருவாயிற்று. குற்றம் செய்தவர்களின் பெயரை ஒரு கறுப்பு ஏட்டில் குறித்து, வாரம் ஒருமுறை அதை மாணவர் சபையின் முன் படித்து, தண்டனையை அவர்களையே முடிவு செய்யவிட்டதும் இங்கே நடந்த புதுமை.

இவற்றுள் எவ்வளவு பெல்லின் சொந்தக் கண்டுபிடிப்பு என்ற கேள்வி ஆய்வாளர்களிடையே இன்றும் உண்டு. மணலில் எழுதும் பழக்கத்தைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்ததாக அவரே ஒப்புக்கொண்டார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைத் தம்முடைய கண்டுபிடிப்பாகவே சொல்லிக்கொண்டார். தமிழ் வாசகர்களுக்கு இந்த உரிமைகோரல் வியப்பாகவே இருக்கும். திண்ணைப் பள்ளியில் அண்ணாவி, அதாவது ஆசிரியர், வருவதற்கு முன்பே பாடத்தைத் தொடங்கி வைப்பவனும், இளையவர்களுக்கு நெடுங்கணக்கையும் எண்சுவடியையும் முறைசொல்லிக் கொடுப்பவனும் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன்தான். பெல் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, 1623-இல், கன்னட நாட்டின் இக்கேரிப் பகுதியில் பயணம் செய்த இத்தாலியர் பியத்ரோ தெல்லா வாலே, ஆசிரியர் இல்லாமலே சிறுவர்கள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லி, மணலில் எழுதிக் கற்றதைப் பதிவு செய்திருக்கிறார். பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ.டி. கேம்பெல் 1823-இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், முன்னேறிய மாணவர்கள் பின்தங்கியோருக்குக் கற்பிக்கும் இந்நாட்டு முறை போற்றத்தக்கது, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்ற கருத்தைத் தெரிவித்தார்.  கற்றுத் தந்தவர் யார் என்பதை மட்டும் இங்கிலாந்து மறந்திருந்தது.

[பெட்டிச் செய்தி] எண்களில் ஒரு காலம்
• ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கி வைத்த கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் 11,575 நாட்டுப்புறப் பள்ளிகளும், அவற்றில் 1,57,195 மாணவர்களும் இருந்ததாகப் பதிவாயிற்று. காந்தியவாதி தரம்பால் இந்த ஆவணங்களை 1983-இல் நூலாகத் தொகுத்து வெளியிட்டார்.
• பெல்லின் அறிக்கை 1797-இல் லண்டனில் வெளியானது. அவர் இறந்தது 1832-இல். கல்விப் பணிகளுக்கு அவர் விட்டுச் சென்ற தொகை 1,20,000 பவுண்டு.
• அந்தப் பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833-இல் திறக்கப்பட்ட பள்ளியின் பெயர் ‘மெட்ராஸ் காலேஜ்’. இன்றும் அதே பெயரில் இயங்குகிறது.
• கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் 1819-இல் சாசனம் பெற்ற பள்ளி அமைப்பும் ‘மெட்ராஸ்’ என்ற பெயரையே கொண்டிருந்தது.

திப்புவின் அவையில் எழும்பூர் மாணவர்

பள்ளியின் பழைய மாணவர்களில் முதலில் வெளியுலகம் அறிந்தவர் வில்லியம் ஸ்மித். மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பின் 1792-இல் பிணையாகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட திப்பு சுல்தானின் இரு மகன்களையும் 1794-இல் தந்தையிடம் திருப்பி ஒப்படைக்கச் சென்ற கேப்டன் டவ்டன், பதின்வயதினரான இந்த மாணவரையும் அறிவியல் கருவிகளையும் உடன் அழைத்துச் சென்றார். அக்காலத்தில் ‘இயற்கைத் தத்துவம்’ என்று அழைக்கப்பட்ட இயற்பியலில் பெல் நடத்திய செய்முறைப் பாடங்களைக் கற்றிருந்த ஸ்மித், திப்புவின் முன்னிலையில் அச்சோதனைகளைச் செய்து காட்டினார். கருவிகளைக் கையாளும் விதத்தையும் அவையினருக்குக் கற்பித்தார். ஐந்தாண்டுகளில் அதே திப்புவைக் கம்பெனி கொன்று முடித்தது என்பதை நினைக்கும்போது, சிப்பாயின் பிள்ளையொருவன் ஆசிரியனாக ஸ்ரீரங்கப்பட்டணத்து மன்னர் முன் நின்ற அந்தச் சில நாள்கள் வரலாற்றில் விசித்திரமானவை.

டவ்டன் என்ற பெயரைப் பெரம்பூர்வாசிகள் வேறொரு வழியில் அறிவர். அதே குடும்பப் பெயரைக் கொண்ட, நிஜாமின் படையில் பணியாற்றிய ஆங்கிலோ இந்தியரான ஜான் டவ்டன் தம் சமூகத்தின் கல்விக்கென விட்டுச் சென்ற சொத்திலிருந்து 1855-இல் எழுந்த பள்ளியே வேப்பேரி டவ்டன் பள்ளி. பெரம்பூரிலிருந்து புரசைவாக்கம் வழியாகச் செல்லும் பேருந்தில் நடத்துநர் ‘டவுட்டன்’ என்று குரல் கொடுக்கும் நிறுத்தம், ஒரு கொடையாளரின் பெயர் என்பதைப் பயணிகளில் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இமயம் வரை சென்ற சங்கிலி

புகழ்ப்பட்டியலில் இடம்பெற வேண்டியும் இடம்பெறாமல் போனவர்கள் நில அளவையாளர்கள். கம்பெனியின் வானியலாளர் மைக்கேல் டாப்பிங், 1794-இல் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கியபோது அதன் முதல் மாணவர்களை எழும்பூர் இல்லத்திலிருந்தே தேர்ந்தெடுத்தார். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி தன் தொடக்கத்தை அந்தப் பள்ளியிலிருந்தே கணக்கிடுகிறது. ஆகவே தமிழகத்தில் பொறியியல் படிக்கும் ஒவ்வொரு தலைமுறையும் அந்த ஆதரவற்ற சிறுவர்களுக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது.

வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து தொடங்கிய பணி, பிற்காலத்தில் ‘பெரும் முக்கோண அளவை’ என்று பெயர் பெற்றது. ஒரு நேர்கோட்டின் நீளத்தைத் துல்லியமாக அளந்துகொண்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றையோ கோபுரத்தையோ நோக்கும் கோணங்களைக் கணக்கிட்டால், நடந்து அளக்காமலே முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களும் தெரிந்துவிடும். அந்தப் பக்கம் ஒவ்வொன்றும் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். அரை டன் எடையுள்ள தியோடோலைட் என்ற கோணமானியைத் தூக்கிக்கொண்டு நாடு முழுவதும் நடந்த இந்தப் பணியில், 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமுற்ற நிகழ்ச்சி புகழ்பெற்றது. அந்தக் கயிறுகளையும் கணக்கேடுகளையும் ஆண்டுக்கணக்கில் தாங்கிய ஜோஷுவா டி பென்னிங், ஜோசப் ஆலிவர், வில்லியம் ரோசன்ரோட் ஆகிய மூவரும் சென்னை நில அளவைப் பள்ளியில் பயின்று லாம்டனிடம் சேர்ந்த கலப்பினத்தவர்கள். லாம்டன் 1823-இல் வார்தா அருகே ஹிங்கன்காட்டில் இறந்த பிறகு, ஜார்ஜ் எவரெஸ்ட் பணியை வடக்கு நோக்கிக் கொண்டு சென்றபோதும் அது இவர்கள் பழகிய முறைகளின் மேலேயே நடந்தது. பெரம்பூர்ப் பணிமனை தோன்றிய அதே 1856-இல் உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. சிகரத்துக்கு வைக்கப்பட்டது எவரெஸ்டின் பெயர்.

ஏன் அவர்கள் கீழேயே நின்றார்கள்

இந்த மாணவர்கள் உதவியாளர்களாகவே பணி ஓய்வு பெற்றது அவர்களுடைய திறமைக் குறைவால் அன்று. இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களைக் கம்பெனியின் உயர் குடிமைப் பணிகளிலிருந்து விலக்கும் விதி 1791-இல் வந்தது. 1795-இல் படையிலும் குழலூதுவோர், முரசடிப்போர், லாடம் கட்டுவோர் போன்ற வேலைகளுக்கு மட்டுமே அவர்களை எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தப்பட்டது. பெல்லின் பள்ளி புகழ் பெற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அதன் மாணவர்களுக்கான கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. மிஞ்சியவை நில அளவை, மருந்தாளுநர் பணி, அச்சு ஆகியவை. பள்ளியின் அச்சகத்தில் பயின்ற சிறுவர்கள் கோத்து அச்சிட்ட ‘அசைலம் பிரஸ் அல்மனாக்’ என்ற ஆண்டுக் கையேடு, யார் எந்தத் தெருவில் குடியிருந்தார், எந்தக் கடை எங்கே இருந்தது என்று தேடும் சென்னை வரலாற்றாய்வாளர்களுக்கு இன்றும் கைவிளக்கு.

ரயிலும் தந்தியும் வந்தபோதுதான் புதிய கதவு திறந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின் நம்பிக்கையானவர்கள் என்று ஆட்சியாளர் கருதிய இச்சமூகத்துக்கு ரயில்வேயின் இடைநிலைப் பதவிகள் ஒதுக்கப்பட்டன. பெரம்பூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை, பொன்மலை என்று ரயில் சந்திப்புகள்தோறும் அவர்களுடைய குடியிருப்புகள் முளைத்தன. இந்தியர் அதற்கு மேல் ஏறாதபடியும், இவர்கள் ஐரோப்பியருக்குச் சமமாகாதபடியும் அமைக்கப்பட்ட இந்த இடைநிலை, சலுகையாகவும் சிறையாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டின் நடனங்களையும் ஹாக்கி மட்டைகளையும் மட்டும் நினைவுகூரும் ஏக்கக் கட்டுரைகள் இந்த இரண்டாம் பாதியைத் தவறவிடுகின்றன.

[பெட்டிச் செய்தி] எழும்பூரிலிருந்து லவ்டேல்
• லக்னோ முற்றுகையில் 1857 ஜூலையில் இறந்த ஹென்றி லாரன்ஸின் பெயரால் அமைந்த பள்ளிகள்: சனாவர் (1847), மவுண்ட் அபு (1856), உதகை (1858), இன்றைய பாகிஸ்தானின் முர்ரீ அருகே கோரா கலி (1860).
• எழும்பூர் ஆண்கள் இல்லம் 1870-களின் தொடக்கத்தில் உதகைப் பள்ளியுடன் இணைக்கப்பட்டது.
• அந்த உதகைப் பள்ளிக்காக லவ்டேலில் எழுந்த கட்டடத்தின் வடிவமைப்பாளர், சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தைக் கட்டிய ராபர்ட் சிஸம்.
• 1949-இல் பாதுகாப்புத் துறையிடமிருந்து கல்வி அமைச்சகத்திடம் வந்த பின், படைவீரர் பிள்ளைகளின் இல்லம் வசதியுள்ளோர் நாடும் பொதுப்பள்ளியாயிற்று.

லவ்டேலின் இன்றைய புகழ்ப்பட்டியலில் எழுத்தாளர் அருந்ததி ராயும் நடிகர் ஃபகத் ஃபாசிலும் இருக்கிறார்கள். ஆதரவற்றோருக்கென்று சேர்த்த நிதியும் பெயரும் நூறாண்டுக்குள் கட்டணம் செலுத்த வல்லோரின் பள்ளிக்கு மரபுரிமையாக மாறியதில் சட்டமீறல் ஏதுமில்லை. ஆனால் 1789-ஐத் தங்கள் வேராகக் காட்டும் எந்த நிறுவனமும் ஜானி ஃப்ரிஸ்கன் போன்ற பிள்ளைக்கு இப்போது எத்தனை இடம் வைத்திருக்கிறது என்று கேட்பது நியாயமே.

மலிவான பள்ளியின் விலை

இங்கிலாந்தில் பெல்லின் முறை பரவியதற்குக் கல்விக் காரணத்தைவிடப் பணக் காரணமே வலுவானது. ஆலைத் தொழிலாளர் குழந்தைகள் பெருகிய நகரங்களில் ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு எழுத்தறிவு தரலாம் என்பது புரவலர்களை ஈர்த்தது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்ற குவேக்கர் பிரிவினர் இதே போன்ற முறையை நடத்த, யார் முதலில் கண்டுபிடித்தது என்ற சண்டை திருச்சபைக் கட்சிகளின் சண்டையாக வளர்ந்தது. 1811-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் ‘நேஷனல் சொசைட்டி’ பெல்லின் முறையை ஏற்றது. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் தம் கிராமப் பள்ளியில் அதைக் கையாண்டார். கவிஞர் சவுதி பெல்லின் வாழ்க்கையை எழுதினார். ஆனால் எழும்பூரில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கற்றது, லண்டனில் மணியடித்தால் எழுந்து மணியடித்தால் அமரும் இயந்திரமாயிற்று. பொருள் புரியாமல் ஒப்பிக்கும் சிறுவன், தான் புரிந்துகொள்ளாததையே அடுத்தவனுக்குக் கற்பித்தான். 1846-இல் ஊதியமும் பயிற்சியும் பெறும் ‘மாணவ ஆசிரியர்’ திட்டம் வந்ததும் பழைய முறை தேயத் தொடங்கியது.

சென்னை மாகாணத்திலோ, அந்த முறை பிறந்த திண்ணைப் பள்ளிகள் நிலக்கொடைகளும் ஊர்ப் பங்குகளும் வற்றி, அரசு உதவிபெறும் பள்ளி விதிகளுக்குள் பொருந்தாமல், மெல்ல மறைந்தன. மணல் தட்டு போனது; சட்டாம்பிள்ளை என்ற பெயர் அதிகாரம் செய்பவரைக் கேலி செய்யும் சொல்லாக மட்டும் பேச்சில் மிஞ்சியது. அந்தப் பள்ளிகளை அப்படியே போற்றுவதும் பொருந்தாது. பிரம்பும் கோதண்டமும், அதாவது பிள்ளையின் கைகளைக் கயிற்றில் கட்டி உத்தரத்தில் தொங்கவிடும் தண்டனையும், அங்கே இருந்தன; ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான சிறுமிகளுக்கும் அவற்றின் திண்ணையில் இடமில்லை. பின்னாளில் வடசென்னையின் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் முதன்முதலாகப் பலகையைத் தொட்டது மிஷன் பள்ளிகளிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும்தான்.

இன்றைய வகுப்பறை

விடுதலைக்குப் பின் பெரம்பூரின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்தது. 1955 அக்டோபர் 2-இல் நேரு திறந்து வைத்த பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் பழைய பணிமனைத் தலைமுறையின் இடத்தைத் தமிழ், தெலுங்குத் தொழிலாளர்கள் நிரப்பினர். ஆங்கிலோ இந்தியப் பள்ளிகள் தனிப் பாடத்திட்டத்தை 2010-ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டத்தோடு இழந்தன; சட்டமன்றத்தில் இச்சமூகத்துக்கு இருந்த நியமன இடம் 104-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் பின் 2020 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. பெயரில் ஆங்கிலோ இந்தியன் என்று தொடரும் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டில் இன்று பெரும்பாலும் தமிழ்ப் பெயர்களே உள்ளன. ஆங்கிலம் கற்று முன்னேற வேண்டும் என்ற தொழிலாளிப் பெற்றோரின் விருப்பத்தால்தான் அவற்றின் மணி இன்னும் அடிக்கிறது.

எழும்பூரில் சோதித்துப் பார்க்கப்பட்டதோ வேறு வாசல் வழியே திரும்பியிருக்கிறது. சென்னை மாநகராட்சி ஆணையராக எம்.பி. விஜயகுமார் இருந்தபோது, ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி அனுபவத்தைக் கொண்டு 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, ஏணிப்படி எனப்படும் அட்டை வரிசையில் அவரவர் வேகத்தில் ஏறி, முன்னே சென்றவர் பின்னே வருபவருக்கு உதவும் அம்முறையை ஒரு தரப்பு விடுதலை என்றது. எழுத்தும் கணக்கும் பழகும் நேரம் குறைந்துவிட்டது என்று மறுதரப்பு குறை சொன்னது. கொரோனாவுக்குப் பின் 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், வயதைப் பாராமல் கற்றல் நிலையைக் கொண்டு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. பெல்லும் தம் மாணவர்களைக் கற்றதன் அளவைக் கொண்டே வகுப்பு பிரித்தார். ஒருவன் தேறியதும் மேல்வகுப்புக்கு ஏற்றவும், தளர்ந்தால் கீழிறக்கவும் தயங்கவில்லை. மலர் நிலைப் பிள்ளையிடம் அரும்பு நிலைப் பிள்ளையை ஒப்படைக்கலாமா, ஒப்படைத்தால் முன்னவரின் கற்றல் நேரம் யாருடைய கணக்கில் எழுதப்படும் என்பதே மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களின் முன் இப்போதுள்ள நடைமுறைக் கேள்வி.